நாற்பது நாற்காலி, நான்கு அடி

நாற்காலியின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்தவர்களின் சரித்திரத்தையே எழுதியிருக்கிறார்கள். அரசனின் ஆசனம், கைப்பிடியில் சிங்க முகம், பிரெஞ்சு மன்னர்களின் பெயர்களால் வழங்கும் பாணிகள், பிறகு நவீன சிற்பிகளின் எஃகுக் குழாய்கள். யாரும் உட்காராத நேரத்தில் அந்த நாற்காலி எங்கே இருந்தது, யார் அதைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள் என்ற கேள்வி இந்தச் சரித்திரத்துக்குள் வருவதில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கக்கூடிய நாற்காலி என்னும் மிகச் சாதாரணமான பொருளைப்பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இதனால்தான். அது உட்காருகிறவனை மட்டும் மனத்தில் கொண்டு செய்யப்பட்டதல்ல. அவன் எழுந்துபோன பிறகு காலியாகிவிடும் கூடத்தையும், அதைக் கூட்டிப் பெருக்குகிறவனையும் மனத்தில் கொண்டு செய்யப்பட்டது.

நாற்காலி நெடுங்காலம் ஓர் அபூர்வப் பொருள். அபூர்வமாக இருந்ததாலேயே அது அந்தஸ்தாகவும் இருந்தது. வெள்ளைக்கார ஆட்சியில் வட இந்தியாவில் ‘குர்ஸி நஷீன்’ என்று ஒரு சான்றிதழ் கொடுக்கப்பட்டு வந்தது. அதிகாரியைப் பார்க்கப் போகும்போது நாற்காலியில் உட்கார இன்னாருக்கு உரிமை உண்டு என்பதற்கான எழுத்துபூர்வமான அத்தாட்சி அது. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்ட குடும்பங்கள் இருந்தன. இங்கிலாந்தின் தேவாலயங்களில் பெஞ்சுகள் குடும்பங்களின் பெயரால் வாடகைக்கு விடப்பட்டிருந்தன. ஆண்டவன் சந்நிதியிலும் இடம் பிடிக்கப் பணம் வேண்டியிருந்தது. நமக்கு இதெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தமிழில் ‘நாற்காலி’ என்றால் பதவி என்றும் பொருள். ஒருவனுக்கு நாற்காலி ஆசை வந்துவிட்டது என்றால், அவன் தச்சனிடம் போகிறான் என்று யாரும் நினைப்பதில்லை.

இந்த அபூர்வத்தை ஒழித்ததுதான் அடுக்கு நாற்காலி செய்த காரியம். அது எப்படி ஒழித்தது, ஒழித்த பிறகு என்ன மிஞ்சியது என்பதே என் கேள்வி.

முதலில் தொழில்நுட்பச் சிக்கல். ஒரு மர நாற்காலியைத் தூக்கி இன்னொன்றின்மேல் வைத்துப் பாருங்கள். மேலே உள்ளதன் கால்கள் கீழே உள்ளதன் உட்காரும் பலகையில் நிற்கும். உயரம் ஏறுமே தவிர இடம் மிஞ்சாது. அடுக்கு என்றால் மேலே உள்ளதன் கால்கள் கீழே உள்ளதன் உடம்பை வெளிப்புறமாகத் தாண்டி இறங்க வேண்டும். அதற்குக் கால்கள் சற்று விரிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், கால்களுக்கிடையே எதுவும் இருக்கக்கூடாது. ஆனால் தச்சன் பரம்பரையாகச் செய்துவந்த நாற்காலியில் கால்களை ஒன்றோடொன்று இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் இருக்கின்றன. அவை அலங்காரத்துக்காக இல்லை. மனிதன் நாற்காலியில் ஒழுங்காக உட்காருவதில்லை. பின்னால் சாய்ந்து முன்கால்கள் இரண்டையும் தூக்குகிறான். உடல் எடை முழுவதும் பின்கால் பலகையோடு சேரும் மூட்டில் நெம்புகோல்போல் விழுகிறது. நாற்காலிகள் வழக்கமாக உடைகிற இடம் அதுதான். குறுக்குச் சட்டம் அந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறது. அடுக்குவதற்காகச் சட்டத்தை எடுத்துவிட்டால் பாரம் எங்கும் போய்விடுவதில்லை. முழுவதும் மூட்டுக்கு வந்து சேர்கிறது.

உறுதியும் அடுக்கும் ஒன்றுக்கொன்று விரோதம் என்பது இவ்வளவுதான். யாப்பை எடுத்துவிட்டால் கவிதை எளிதாகிவிடும் என்று நினைத்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கலாம். சட்டத்தை எடுத்தவன் மூட்டை மறுபடியும் சிந்தித்தாக வேண்டும். சிந்திக்காதவனின் நாற்காலி, முதலில் சாய்ந்து உட்காருகிறவனோடு சேர்ந்து கீழே விழும். ‘எழுத்து’ காலத்திலிருந்து நாம் பார்த்துவரும் வரிகளில் எத்தனை இப்படி விழுந்தவை என்று எண்ணிப் பார்ப்பது பயனுள்ள காரியம். இங்கே அது என் வேலை இல்லை.

மூட்டை மறுபடியும் சிந்தித்தவர்களில் ஒருவர் பின்லாந்தின் சிற்பி ஆல்வார் ஆல்ட்டோ. 1933இல் அவர் உருவாக்கிய மூன்று கால் முக்காலி இன்றும் செய்யப்பட்டு வருகிறது. அவர் கையில் எடுத்துக்கொண்டது அந்த நாட்டுக் காடுகளில் ஏராளமாகக் கிடைக்கும் பிர்ச் மரம். காலுக்கான சட்டத்தின் ஒரு முனையை மட்டும் நார் ஓடும் திசையில் பல கீற்றுகளாக அறுத்து, அந்த இடைவெளிகளில் மெல்லிய மரத் தகடுகளைப் பசை தடவிச் செருகி, அந்த முனையை வளைத்தார். பசை இறுகியதும் கால் தலைப்பக்கம் செங்கோணமாக மடங்கி நின்றது. மடங்கிய பாகத்தை வட்டப் பலகையின் அடியில் திருகாணியால் முடுக்கினால் வேலை முடிந்தது. துளைபோட்டு இறக்கும் மூட்டு இல்லை. பலகையின் சட்டமாக ஆகிற வரையில் மரமே வளைந்துபோகிறது. குறுக்குச் சட்டம் தேவைப்படவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றையும் சற்றே திருப்பி வைத்துக்கொண்டு போனால், கால்கள் சுழல் படிக்கட்டுபோல் ஏறிப் போகும். ஆல்ட்டோ கட்டிய வீபுரி நகர நூலகம் 1935இல் திறக்கப்பட்டபோது அதன் சொற்பொழிவுக் கூடத்தில் இந்த முக்காலிகள் வரிசையாகப் போடப்பட்டிருந்தன. யுத்தத்தில் அந்த ஊர் பின்லாந்தின் கையைவிட்டுப் போய், இன்று ரஷ்யாவில் இருக்கிறது. முக்காலி உலகம் முழுவதும் இருக்கிறது.

அதே வருஷங்களில் பிரான்ஸில், பர்கண்டிப் பிரதேசத்தின் ஓத்தன் என்ற ஊரில், கூரைத் தகட்டு வேலை தெரிந்த ஸாவியே போஷார் வேறு வழியில் போனார். எஃகுத் தகட்டை அழுத்தி வடிவமாக்கி, உருக்கிய துத்தநாகத்தில் முக்கித் துருப்பிடிக்காமல் செய்வது அவருடைய தொழில். 1927இல் ‘டோலிக்ஸ்’ என்ற பெயரைப் பதிவு செய்துகொண்டு, 1934இல் ‘ஏ’ என்ற நாற்காலியைக் கொண்டுவந்தார். தட்டையான தகடு வளையும்; மடிப்பும் வரம்பும் விழுந்த தகடு வளையாது. வாழைமட்டை நிற்பதும் இந்த நியாயத்தால்தான். அவர் அதைக் காலுக்குப் பயன்படுத்திக்கொண்டார். வெளியில் கிடந்து மழையில் நனைகிற நாற்காலி என்பதால் பலகையில் நீர் வடியத் துளைகள். பாரீஸ் காப்பிக்கடைகளின் நடைபாதை வாழ்க்கை இத்தகைய நாற்காலியால் சாத்தியமாகிற ஒன்று. காலையில் பரப்பி இரவில் அடுக்கி உள்ளே வைக்க முடிந்தால்தான் நடைபாதையில் கடை போட முடியும். தத்துவவாதிகள் அங்கே உட்கார்ந்து பேசியதைப்பற்றி நிறையப் படித்திருக்கிறோம். இரவு அவர்கள் போன பிறகு அந்த நாற்காலிகளை அடுக்கிய சிப்பந்தியைப்பற்றி நான் எங்கும் படித்ததில்லை.

இந்தச் சரித்திரத்தின் உச்சம் என்று நான் கருதுவது டேவிட் ரோலண்ட் என்ற அமெரிக்கரின் நாற்காலியை. 1924இல் பிறந்தவர். பதினாறு வயதில், 1940ஆம் வருஷக் கோடையில், கலிபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் மொஹோலி-நாட்ஜ் நடத்திய வகுப்பில் படித்தார்; பவ்ஹவுஸ் சிந்தனை அவருக்கு நேரடியாக அந்த ஆசிரியரிடமிருந்து கிடைத்தது. பிறகு இரண்டாம் உலக யுத்தத்தில் பி-17 குண்டுவீச்சு விமானம் ஓட்டினார். மணிக்கணக்காக அந்த விமானத்தின் இருக்கையில் உட்கார்ந்த அவஸ்தைதான் நாற்காலியைப்பற்றி யோசிக்க வைத்தது என்று அவர் பின்னாட்களில் சொல்லிவந்தார். யுத்தம் முடிந்து கிரான்புரூக் கலைப்பள்ளியில் படித்து, நியூயார்க் வந்து, வேலை பார்த்துக்கொண்டே ஒரே ஒரு நாற்காலியில் எட்டு வருஷங்கள் செலவழித்தார். 1964இல் வெளிவந்த அதன் பெயர் வெறும் எண்கள்: 40/4. நாற்பது நாற்காலிகளை அடுக்கினால் நான்கு அடி உயரம்.

இது விளம்பர வாசகம்போல் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் தீவிரம் புரியும். நான்கு அடி என்பது 48 அங்குலம். ஒரு நாற்காலியின் உயரம் சுமார் 30 அங்குலம். மீதி 18 அங்குலத்துக்குள் 39 நாற்காலிகள் அடங்க வேண்டும். அதாவது ஒவ்வொன்றும் அடுக்கின் உயரத்தில் அரை அங்குலத்துக்கும் குறைவாகவே சேர்க்கலாம். ரோலண்ட் பயன்படுத்திய எஃகுக் கம்பியின் தடிமன் 7/16 அங்குலம். கம்பியின் தடிமன்தான் அடுக்கின் படி. உட்காரும் பலகை, சாய்மானம், மூட்டு எதுவும் கம்பியின் தடிமனைவிட ஒரு நூல்கூடக் கூடுதலாக இடம் கேட்கக்கூடாது. பலகையும் சாய்மானமும் உடலுக்கேற்ற வளைவோடு அழுத்தி எடுத்த மெல்லிய எஃகுத் தகடுகள். மேலே உள்ளதன் வளைவு கீழே உள்ளதன் வளைவில் இலைமேல் இலைபோல் படுக்கிறது. அத்தனையும் செய்துவிட்டு அது உட்கார வசதியாகவும் இருக்க வேண்டும், பின்னால் சாய்கிறவனைத் தாங்கவும் வேண்டும். எட்டு வருஷங்கள் எதற்கு என்பதற்கு இதுவே பதில். வரிசையாகப் போடும்போது பக்கத்து நாற்காலியோடு மாட்டிக்கொள்ளவும் அதில் வழி இருந்தது.

பல கம்பெனிகள் அதை வேண்டாம் என்றன. ஒரு பெயர்பெற்ற நிறுவனம் உரிமையை வாங்கிப் பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டது. கடைசியில் கட்டடக்கலை நிறுவனம் ஒன்றில் உள்ளலங்கார வேலை பார்த்த டேவிஸ் ஆலன் கண்ணில் பட்டு, சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகம் கட்டிக்கொண்டிருந்த புதிய வளாகத்துக்கு 17,000 நாற்காலிகளுக்கு ஆர்டர் வந்தது. அதற்குப் பிறகுதான் உற்பத்தியே ஆரம்பமாயிற்று. 1964இல் மிலான் ட்ரையெனாலே கண்காட்சியில் முதல் பரிசு. பின்னால் லண்டன் செயின்ட் பால் பேராலயத்திலும் இந்த நாற்காலிகள் வந்து சேர்ந்தன. குடும்பப் பெயர் எழுதிய பெஞ்சிலிருந்து யாருடையதும் அல்லாத நாற்காலிக்கு வந்த தூரத்தை அளக்க எனக்கு வேறு உதாரணம் தேவைப்படவில்லை. இன்று காலை பிரார்த்தனைக்கு உட்கார்ந்த நாற்காலி நாளை வேறு யாருக்கோ. அதன்மேல் யாருடைய முதுகும் தடம் பதிப்பதில்லை.

ரோலண்ட் எட்டு வருஷங்கள் கம்பியை மெலிதாக்கிக் கொண்டிருந்தபோது, வேறொரு இடத்தில் வேதியியல் வேலை செய்துகொண்டிருந்தது. 1954இல் இத்தாலியில் ஜூலியோ நாட்டா பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கைக் கண்டார். 1963இல் அவருக்கும் ஜெர்மனியின் ஸீக்லருக்கும் நோபல் பரிசு. அதே 1963இல், ஹில்லே என்ற ஆங்கிலக் கம்பெனிக்காக ராபின் டே வடிவமைத்த பாலிப்ரொப்பிலீன் நாற்காலி கடைக்கு வந்தது. உட்காரும் பாகமும் சாய்மானமும் ஒரே கிண்ணம். ஓரம் உருட்டி மடக்கப்பட்டது, அந்த மடிப்பிலேயே கிண்ணத்தின் விறைப்பு. கீழே வளைந்த எஃகுக் குழாய்க் கால்கள், அடுக்குவதற்கு வாகாக விரிந்தவை. ஒரு அச்சிலிருந்து வாரத்துக்கு 4,000 கிண்ணங்கள் வரும். விலை 3 பவுனுக்கும் குறைவு. நல்ல வடிவம் பணக்காரன் சொத்தாக இருக்கக்கூடாது என்பது டேயின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடங்களிலும் போய் உட்கார்ந்தது. லட்சக்கணக்கில் தொடங்கிக் கோடியைத் தாண்டிப்போயிற்று. ரோலண்டும் டேயும் 2010இல், சில மாத இடைவெளியில், காலமானார்கள்.

டேயின் நாற்காலியில் இன்னும் கால் தனி, கிண்ணம் தனி. இரண்டும் சேருகிற மூட்டு இருந்தது. அந்தக் கடைசி மூட்டையும் ஒழித்துவிட்டது மோனோப்ளாக் என்று சொல்லப்படும் ஒரே துண்டு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் பல முன்னோடிகளில் முக்கியமானது ஆன்றி மாஸொன்னே பிரான்ஸில் 1972இல் கொண்டுவந்த ‘ஃபோத்தேய் 300’. உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திச் செலுத்தினால் இரண்டு நிமிஷத்துக்குள் கால், கை, முதுகு எல்லாம் சேர்ந்து ஒரு நாற்காலி விழுகிறது. கையால் தொட வேண்டிய வேலை அநேகமாக இல்லை. அச்சு இருக்கிறவன் எவனும் செய்யலாம். உலகம் முழுவதும் செய்தார்கள்.

இதில் என்னை வியக்கவைக்கும் ஒரு நுட்பம் உண்டு. அச்சிலிருந்து பொருள் ஒட்டாமல் கழன்றுவர வேண்டுமானால் அதன் பக்கங்கள் செங்குத்தாக இருக்கக்கூடாது. சற்றே சரிந்து விரிந்திருக்க வேண்டும். அந்தச் சரிவுதான் ஒரு நாற்காலி இன்னொன்றுக்குள் இறங்கவும் வழிசெய்கிறது. அச்சுக்கும் நாற்காலிக்கும் என்ன உறவோ அதே உறவுதான் நாற்காலிக்கும் அதன்மேல் அடுக்கப்படும் நாற்காலிக்கும். ரோலண்ட் எட்டு வருஷங்கள் போராடிப் பெற்ற இணக்கத்தை உற்பத்தி முறையே இலவசமாகக் கொடுத்துவிட்டது. கால் மெலிதான பிளாஸ்டிக்தான். ஆனால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூலைமடிப்பாக இருக்கும். போஷார் தகட்டில் செய்த அதே காரியம்.

இந்த நாற்காலி நம் ஊருக்கு வருவதற்கு முன் கூட்டத்துக்கு உட்கார நம்மிடம் என்ன இருந்தது? பாயும் ஜமக்காளமும். சுருட்டி மூலையில் வைத்தால் இடமே அடைக்காது. அடுக்கும் ஆசனம் என்று பார்த்தால் ரோலண்டின் கணக்கையும் தோற்கடிக்கக்கூடியது ஜமக்காளம்; நாற்பது பேர் உட்காரும் ஜமக்காளத்தை ஒருவன் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான். பழமையைப் போற்றுகிறவர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். எனக்கு நிற்க முடியவில்லை. ஜமக்காளத்தில் யார் உட்காரலாம், அது முடிகிற இடத்துக்கு அப்பால் மண்ணில் யார் உட்கார வேண்டும் என்பதையும் ஊர் தீர்மானித்து வைத்திருந்தது. திண்ணையில் ஏறுகிறவன், ஏறாமல் தெருவில் நின்று பேசுகிறவன் என்ற பாகுபாடும் அதைச் சேர்ந்ததே.

பிறகு பந்தல்காரர்களின் இரும்பு மடக்கு நாற்காலி வந்தது. எங்கள் தலைமுறையின் இலக்கியக் கூட்டங்கள் அதன்மேல்தான் நடந்தன. விரித்தால் கிறீச்சிடும், விரலைக் கடிக்கும், வேட்டியில் துரு ஒட்டும். கூட்டத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதைக் கூடத்தின் காவலாளி எங்களைவிடச் சரியாகக் கணித்து, பன்னிரண்டு நாற்காலிகளுக்குமேல் விரிக்க மாட்டார். அதையும் தள்ளிவிட்டு பிளாஸ்டிக் வந்தது. இரண்டரைக் கிலோ வாக்கில் எடை. பந்தல் கடைப் பையன் ஓர் அடுக்கை அப்படியே கட்டித் தூக்கிக்கொண்டு போகிறான். மழையில் நனைந்தால் அடுக்கு ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். ஒருவன் கீழே காலால் மிதித்துக்கொள்ள இன்னொருவன் மேலே இழுக்க வேண்டும். வெயிலில் வெளிறி ஒருநாள் பின்கால் விரிசல் விடும். தச்சனின் பழைய சிக்கல் அதே இடத்தில் காத்திருக்கிறது. டீக்கடைக்காரர் விரிசலின் இரு பக்கமும் சூடுபண்ணிய கம்பியால் துளைபோட்டு, கட்டுக்கம்பியால் தையல் போட்டு, இன்னும் ஒரு வருஷம் ஓட்டுகிறார். ஆல்ட்டோவின் முக்காலியில் திருகாணியைக் கழற்றிக் காலை மாற்றலாம். ஒரே துண்டில் மாற்ற எதுவும் இல்லை. தையல்தான் வழி. உறுதி என்பது உடையாமலிருப்பது மட்டும்தானா, உடைந்தால் சீர்செய்ய இடம்கொடுப்பதும் சேர்ந்ததா என்பதை வடிவமைப்பாளர்கள் அந்த டீக்கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த நாற்காலியை இழிவாகப் பேசுவது ரசனையுள்ளவர்களின் வழக்கம். அழகில்லை, முகமில்லை, குப்பை. குப்பை என்பது உண்மை; மக்காத குப்பை. ஆனால் டான் ஷொண்டார்ஃபர் என்ற அமெரிக்க எஞ்சினியர், வாங்க வசதியற்றவர்களுக்குச் சக்கர நாற்காலி செய்ய நினைத்தபோது, இந்த வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலியைத்தான் எடுத்து ஒரு சட்டத்தில் பொருத்தி இரு பக்கமும் சைக்கிள் சக்கரங்களை மாட்டினார். 2001இல் தொடங்கிய அந்தக் காரியத்தால் பல நாடுகளில் லட்சக்கணக்கானவர்கள் தரையிலிருந்து எழுந்திருக்கிறார்கள். ரசனை அவர்களைத் தூக்கிவிடவில்லை.

ஆக, 1933க்கும் 1972க்கும் இடையே நாற்பது வருஷங்களில் ஒரு காரியம் நடந்து முடிந்துவிட்டது. நாற்காலியின் பஞ்சம் தீர்ந்துவிட்டது. எந்தக் கூடத்திலும் ஓரமாக ஓர் அடுக்கு நிற்கிறது. இன்னும் ஒருவர் வந்தால் மேலிருந்து ஒன்றை உருவிப் போடலாம். ஒரு கையே போதும். நாற்காலியின் அந்தஸ்து அதன் அபூர்வத்தில்தான் இருந்தது என்றால், அபூர்வம் போன பிறகு அந்தஸ்தும் போயிருக்க வேண்டும்.

2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியில் நடந்த கூட்டம் ஒன்றின் புகைப்படம் வெளியாயிற்று. மற்றவர்கள் நாற்காலிகளில் இருக்கிறார்கள். ஊராட்சித் தலைவர், தேர்தலில் வென்று வந்த தலித் பெண், தரையில் இருக்கிறார். பிறகு வழக்குப் பதிவாயிற்று, ஊராட்சிச் செயலர் தற்காலிகமாக நீக்கப்பட்டார். குர்ஸி நஷீன் காலத்தில் நாற்காலி மறுக்கப்பட்டதற்கு, அது எல்லோருக்கும் காணாது என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்க முடியும். மரம் வேண்டும், தச்சன் வேண்டும், பணம் வேண்டும், போட்டுவைக்க இடம் வேண்டும். இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றையும் ஆல்ட்டோவும் போஷாரும் ரோலண்டும் டேயும், பெயர் தெரியாத அச்சுத் தொழிலாளிகளும், ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் செய்துவிட்டார்கள்.

வடிவமைப்பால் ஆகக்கூடியது இவ்வளவுதான் என்று இதைக் கொண்டு அதைச் சிறுமைப்படுத்த நான் விரும்பவில்லை. காரணங்களை ஒழித்ததே பெரிய காரியம். நாற்காலி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. கொடுக்க மனமில்லை என்பதைத்தான் சொல்லியாக வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள், ஓரத்தில் நிற்கும் அடுக்கைப் பார்க்காததுபோல் இருந்துவிடுகிறார்கள்.